கிடங்கில் இறைப்பது யாருடைய தண்ணீர்?

வீதி வேலை, அழுக்கு நிலம், நமது கிணறு – குழுக்களுக்கான ஒரு பாடம்

வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் மதகு கட்டுவதற்காகக் கிடங்கு வெட்டியிருந்தார்கள். இரண்டு நீர்ப்பம்பிகள் இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தன. அயல் வளவிலிருந்து வந்த தாய் ஒருவர், வேலையை மேற்பார்வை செய்த இளைஞரிடம் கேட்டார்:

“மகன், இது எங்கட கிணத்துத் தண்ணியா?”

“இல்லம்மா, கிடங்குக்குள்ள ஊறுற தண்ணி. கொஞ்ச நாளில முடிஞ்சிரும்.”

“ஊறுற தண்ணி எங்க இருந்து ஊறுது?”

இளைஞரிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தாயின் கேள்வியிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குகின்றோம். வீதிகளும் பாலங்களும் நமக்குத் தேவை. 2013 இல் கல்லடியிலும் 2014 இல் மண்முனையிலும் புதிய பாலங்கள் திறக்கப்பட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் வீதிக்காக நிலத்தைத் தோண்டும்போது நிலத்தடி நீரையும் நாம் அசைக்கின்றோம். அருகில் அழுக்கடைந்த நிலம் இருந்தால், நீரோடு அழுக்கும் அசைகின்றது. இதை எவ்வாறு முன்கூட்டியே அறிந்து தடுப்பது என்பதை இங்கு நோக்குவோம்.

1. நமது நிலத்தின் அமைப்பு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் இடையில் எழுவான்கரை ஒரு ஒடுங்கிய மணல் நிலமாக நீண்டு கிடக்கின்றது. இம்மணலில் கையால் தோண்டினாலே நீர் ஊறும். நமது முன்னோர் பூவல் தோண்டிக் குடிநீர் எடுத்தது இதனாலேயே.

இந்த நீர் எங்கிருந்து வருகின்றது? ஒரு புறம் கடல், மறு புறம் உவர்நீர் வாவி. நன்னீர் வருவது மழையிலிருந்து மட்டுமே. வடகீழ்ப் பருவமழை மணலில் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாகத் தங்குகின்றது. உவர்நீர் பாரம் கூடியது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே நன்னீர் மிதக்கின்றது.

நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கக்கூடும் என்பது அறிவியலாளர் கண்ட கணக்கு. மணலின் ஆழம் குறைந்த இடங்களில் இது அப்படியே பொருந்தாது. எனினும் இதன் மறுபக்கத்தை மறக்கக் கூடாது. நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் வரை மேலெழ இடமுண்டு. மேலே ஒரு சாண் கூட இல்லை. கீழே இரண்டு ஆள் உயரம்.

உன்னிச்சைக் குளத்து நீர் இன்று குழாய் வழியாகப் பல ஊர்களுக்கு வருகின்றது. இருந்தும் குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு இறைக்க, குழாயில் நீர் நின்ற நாளில் குடிக்கவும் கிணற்றையே நாடுகின்றோம். கிணறு கெட்டால் வீடு கெட்டது போலத்தான்.

2. கிடங்கில் இறைத்தால் நடப்பது என்ன?

மதகு, வடிகான், பாலத்தின் அத்திவாரம் ஆகியவற்றைக் கட்ட, நீர்மட்டத்துக்குக் கீழே தோண்ட வேண்டியுள்ளது. ஈரத்தில் கொங்கிறீட் போட முடியாது. மணல் கரையும் சரிந்து விழும். ஆகவே ஒப்பந்தகாரர் நீரை இறைக்கின்றார். இறைக்கும் இடத்தில் நீர்மட்டம் தாழ, சுற்றிலுமுள்ள நீர் ஒரு புனலுக்குள் இறங்குவதுபோல் கிடங்கை நோக்கி வருகின்றது.

அந்தப் புனலின் அகலம் எவ்வளவு? ஜேர்மனியப் பொறியியலாளர் சிச்சார்ட் தந்த அண்ணளவான சூத்திரத்தைப் பல நாட்டுப் பொறியியலாளர்களும் பயன்படுத்துகின்றனர். அதன்படி, நுண்மணலில் நீர்மட்டத்தை 1.5 மீற்றர் தாழ்த்தினால் அதன் தாக்கம் சுமார் 45 மீற்றர் தூரம் வரை செல்லும். பருமணலில் அது சுமார் 140 மீற்றர் வரை போகலாம். எட்டு, பத்து வளவு தள்ளியிருக்கும் கிணறும் இதற்குள் அடங்கும்.

அடுத்தது வேகம். நிலத்தடி நீர் இயல்பாகவே மெல்ல நகர்கின்றது. 500 மீற்றருக்கு 1 மீற்றர் சரிவுள்ள நுண்மணலில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நகரும். அதாவது வருடத்துக்குச் சுமார் 21 மீற்றர். ஆனால் 45 மீற்றர் தூரத்துக்குள் 1.5 மீற்றர் சரிவை நாம் உண்டாக்கினால், அதே நீர் சராசரியாக நாளொன்றுக்கு 1 மீற்றர் நகரும். ஒரு வருடப் பயணம் மூன்று கிழமையில் முடிகின்றது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வீதிக்கு மேற்கே 40 மீற்றரில் ஒரு பழைய வாகனத் திருத்தகம். பல வருடங்களாகக் கழிவு எண்ணெய் மண்ணில் ஊற்றப்பட்ட இடம். வீதிக்குக் கிழக்கே 20 மீற்றரில் ஒரு வீட்டுக் கிணறு. நடுவில் மதகுக் கிடங்கு. நீர் இயல்பாக மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போகின்றது. திருத்தகத்தின் அழுக்கு நீரோடு அதே வேகத்தில் நகர்வதாகக் கொண்டால், 60 மீற்றரைக் கடந்து கிணற்றை அடைய ஏறத்தாழ மூன்று வருடம் எடுக்கும். மண்ணில் ஒட்டியும் மழையில் கலந்தும் அது வழியிலேயே வலிமை குன்றவும் கூடும்.

ஆறு கிழமை பம்பி ஓடியபின் நிலைமை வேறு. 40 மீற்றரில் கிடந்த அழுக்கு கிடங்கடிக்கே வந்துவிட்டது. பம்பி ஓடும் காலத்தில் கிணற்று நீர் குறையும், ஆனால் கெடாது. பம்பியை நிறுத்தியதும் கிணறு பழையபடி நிரம்பும். எல்லோரும் நிம்மதி அடைவர். வீதி திறக்கப்படும்; ஒப்பந்தகாரர் போய்விடுவார். அழுக்கோ இப்போது கிணற்றிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் நின்று தன் இயல்பான பயணத்தைத் தொடர்கின்றது. ஏறத்தாழ பதினொரு மாதத்தின் பின் ஒரு நாள் கிணற்றில் எண்ணெய் வாடை வரும். அப்போது யாரிடம் போய் முறையிடுவது? வீதி வேலைதான் காரணம் என்று எதைக் காட்டி நிறுவுவது?

எண்ணெயில் இன்னொரு தீமையும் உண்டு. அது நீரின்மேல் மிதப்பது. நீர்மட்டம் தாழும்போது அதுவும் கீழிறங்கி மணலில் அப்பிக்கொள்ளும். நீர் மீண்டும் உயரும்போது அதில் ஒரு பகுதி மேலே வராமல் நீருக்குள்ளேயே சிக்கி, வருடக்கணக்காகக் கசிந்துகொண்டிருக்கும்.

3. அழுக்கு நிலம் என்றால் எது?

பெரிய தொழிற்சாலை அருகில் இல்லையே என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நமது கிராமங்களில் கவனிக்க வேண்டியவை இவை:

(அ) குப்பை கொட்டும் இடங்கள், கைவிடப்பட்ட பழைய குப்பைமேடுகள். மட்டக்களப்பு நகரின் குப்பை திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டதும், அயல் மக்கள் அதற்கெதிராகக் குரல் எழுப்பியதும் வாசகர் பலர் அறிந்ததே. மேலே மண் போட்டு மூடினாலும், குப்பையினூடே இறங்கும் மழைநீர் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும்.

(ஆ) எரிபொருள் நிரப்பு நிலையங்கள், விசேடமாகப் பழைய நிலத்தடித் தாங்கிகள். வாகனத் திருத்தகங்கள், வாகனம் கழுவும் இடங்கள். பெற்றோலில் பென்சீன் என்னும் நஞ்சு உண்டு. குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் கொண்ட 1 லீற்றர் பெற்றோல், 7 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது.

(இ) நெருக்கமாக அமைந்த மலக்குழிகள், மாட்டுப்பட்டிகள், அதிக உரமிடும் மணல் தோட்டங்கள். இவற்றிலிருந்து நைத்திரேற்று இறங்குகின்றது. அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தல் பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைக்கு இது மேற்பட்டால் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

(ஈ) வாவியும் கடலும். இவை அழுக்கல்ல. எனினும் கிணற்றைப் பொறுத்தவரை உப்பும் ஒரு மாசுதான்.

ஒன்றை மனதில் பதிப்போம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ உப்போ அதனால் போகாது. நீர் வற்ற வற்ற அவை செறிவாகும். எண்ணெய் கலந்த நீருக்கும் கொதிக்க வைப்பது பரிகாரமல்ல.

நிலத்தில் விழுந்த எண்ணெய் எவ்வளவு தூரம் பிரச்சினையாகும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் நமக்குக் காட்டியது. அங்கு அனல் மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டது. மக்கள் போராடினர், வழக்குகள் தொடரப்பட்டன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் அதுவரை குடிநீருக்கு அலைந்த குடும்பங்களின் வருடங்கள் திரும்பி வரவில்லை. அங்குள்ளது சுண்ணாம்புக் கற்பாறை நிலம், இங்குள்ளது மணல் நிலம். இரண்டிலும் நீர் இலகுவாக ஓடும் என்பதால் அங்குள்ளவர்களின் அனுபவம் நமக்கும் உரியது.

4. சுனாமிக்குப் பின் நாமே கற்றது

இறைப்பது எப்போதும் நன்மை செய்யாது என்பதை நமது மாவட்டம் ஏற்கனவே ஒரு முறை கற்றுள்ளது. 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்து போனபின் கரையோரக் கிணறுகள் உவர்நீராயின. பல நிறுவனங்கள் நல்ல மனதுடன் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கின. நீர் உவர்ப்பாகவே இருக்க, மீண்டும் மீண்டும் இறைத்தனர். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையோரத்தில் கிணறுகளை அளந்து பார்த்தனர். உப்பைப் போக்கியது பெரும்பாலும் மழையே என்பதும், திரும்பத் திரும்ப இறைப்பதால் பெரும் பயன் இல்லை என்பதும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உப்பை மேலே இழுக்கும் ஆபத்து உண்டு என்பதும் அதில் தெளிவாயின.

கிணற்றில் ஒரு நாள் இறைப்பதற்கே இந்த எச்சரிக்கை என்றால், கிடங்கில் கிழமைக்கணக்காக இறைப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சிந்திப்போம்.

5. நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

வேலை தொடங்குமுன்:

வீதியின் இருபுறமும் 150 மீற்றர் வரை ஒரு படம் வரைவோம். கிணறுகள், மலக்குழிகள், குப்பை போட்ட இடங்கள், திருத்தகங்கள் யாவற்றையும் குறிப்போம். இன்று வெறும் வளவாக இருப்பது முப்பது வருடங்களுக்கு முன் என்னவாக இருந்தது என்று ஊரின் முதியோரிடம் கேட்போம். எந்தப் பொறியியலாளரின் படத்திலும் இல்லாத தகவல் அவர்களிடம் இருக்கும்.

ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் மையால் ஒரு குறி இடுவோம். விடியற்காலையில், எவரும் அள்ளுமுன், பாரம் கட்டிய கயிற்றை இறக்கிக் குறியிலிருந்து நீர் வரை அளந்து கொப்பியில் எழுதுவோம். திகதி, மழை, வாவி முகத்துவாரம் திறந்துள்ளதா மூடியுள்ளதா என்பவற்றையும் எழுதுவோம். முகத்துவாரம் மூடியிருக்கும்போது வாவி நீர் உயர்வதால் கிணற்று நீரும் மாறும். வேலைக்கு முன் குறைந்தது ஒரு மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும். சில கிணறுகளின் நீரையேனும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துவோம்.

இந்தக் கொப்பிதான் பதினொரு மாதத்தின் பின் நமது சாட்சி.

பொறியியலாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இவ்வளவு ஆழம் தோண்டத்தான் வேண்டுமா? வீதியைச் சற்று உயர்த்தினால் மதகின் அடியும் உயருமல்லவா? முன்கூட்டியே வார்த்த கொங்கிறீட் பெட்டிகளை இறக்கினால் பம்பி ஓடும் நாட்கள் குறையுமல்லவா? நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் அந்த வேலையை வைத்துக்கொள்ளலாமல்லவா? குறைவாக இறைப்பதே முதற் பரிகாரம்.

வேலை நடக்கும்போது:

கிடங்கை ஒரேயடியாக நீளமாக வெட்டாமல் 20, 30 மீற்றர்த் துண்டுகளாக வெட்டி, கட்டி, மூடி, அடுத்த துண்டுக்குப் போகலாம். அழுக்கு நிலத்தின் பக்கமாக உருக்குத் தகடுகளை ஆழமாக அடித்து அரண் அமைத்தால் அப்பக்கத்து நீர் இலகுவில் வராது. நீர்மட்டத்தைக் கிடங்கின் அடிக்குக் கீழே அரை மீற்றர் வரை தாழ்த்தினால் போதும்; பம்பி இருக்கிறதே என்பதற்காக மேலும் தாழ்த்தக் கூடாது.

இறைத்த நீரை எங்கே விடுவது என்பது முக்கியம். நீர் சுத்தமானது எனப் பரிசோதனையில் தெரிந்தால், கிடங்குக்கும் கிணறுகளுக்கும் நடுவே ஆழமற்ற வாய்க்கால் வெட்டி அதில் விடலாம். அது மணலில் இறங்கிக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கும். நீரில் எண்ணெயோ வாடையோ இருந்தால் மண்ணிலும் விடக் கூடாது, வாவியிலும் விடக் கூடாது, வயலிலும் விடக் கூடாது. அதைத் தாங்கியில் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பினால், பரிகாரமே நோயாகிவிடும். வாவியோரத்தில் தோண்டிய கரிய சேற்றையும் கிணற்றடியில் குவிக்க விடாதீர்கள். காற்றுப்பட்டுக் காயும்போது அதிலிருந்து அமிலம் உண்டாகலாம்.

நீர்மட்டத்தை இக்காலத்தில் தினமும் அளக்க வேண்டும். நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு கருவி ஒன்று ஊருக்கு இருந்தால் உப்பு ஏறுவதை நாக்கு அறியுமுன் அறியலாம். எப்போது பம்பியை நிறுத்துவது என்பதை ஒப்பந்தகாரரோடு முன்னரே எழுத்தில் பேசிக்கொள்வோம். வழமையிலிருந்து நீர்மட்டம் 30 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், அல்லது மின்கடத்துதிறன் காற்பங்கு கூடினால், நிறுத்திவிட்டு ஆராய வேண்டும் என்பது நாம் முன்வைக்கும் அளவு. கிணறு வற்றும் வீட்டுக்கு அன்றே பவுசரில் குடிநீர் கொடுப்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்தபின்:

வடிகானின் கீழே பரப்பும் கல்லும் பருமணலும் நிலத்தடியில் ஒரு மறைவான வாய்க்கால் ஆகிவிடக்கூடும். அழுக்கு அதன் வழியே ஊர் முழுக்கப் போகலாம். இடைக்கிடை களிமண் அடைப்பு வைத்தால் இதைத் தடுக்கலாம். வடிகானின் அடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, பூச்சின்றித் திறந்திருந்தால் அது நாள் முழுதும் நமது நன்னீரை வாவிக்கு வடித்துக்கொண்டேயிருக்கும். முதலாம் பகுதியில் சொன்ன 10 சென்ரிமீற்றர்க் கணக்கை இங்கு நினைவுகூருங்கள். கிணற்றளவைக் குறைந்தது இரண்டு மாரி காலம் முடியும்வரை, மாதம் ஒரு முறையாவது தொடர வேண்டும்.

6. சட்டத்தில் நமக்குள்ள இடம்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும், 1993 இல் வெளியான ஒழுங்குவிதிகளும், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளை முன்மதிப்பீடு செய்த பின்னரே அமைக்கலாம் என்கின்றன. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்த 30 நாளில் நமது கிணற்றுப் படத்தை எழுத்துமூலம் கொடுக்கலாம்.

நமது கிராமத்து வேலைகளிற் பல 10 கிலோமீற்றருக்குக் குறைந்தவை. அவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே நாமே முன்வர வேண்டியுள்ளது. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும், வீதியைப் பொறுப்பேற்றுள்ள சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகளை அனுப்புவோம். நீரை எவ்வாறு இறைக்கப்போகின்றனர், எங்கே விடப்போகின்றனர் என்பதை அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வேலையை மறிப்பதற்காக அல்ல, வேலை சரியாக நடப்பதற்காகவே எழுதுகின்றோம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்வது நன்று.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு நாம் பதில் சொல்லலாம். கிடங்கில் ஊறும் தண்ணீர் அவருடைய கிணற்றிலிருந்தும் ஊறுகின்றது. அயலவரின் கிணற்றிலிருந்தும், மலக்குழியடியிலிருந்தும், பழைய திருத்தகத்தின் அடியிலிருந்தும் ஊறுகின்றது. எதிலிருந்து எவ்வளவு என்பதை அளந்தவருக்கே தெரியும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது கிராமத்தில் அடுத்த இரண்டு வருடங்களுக்குள் எந்த வீதி, மதகு, வடிகான் வேலைகள் நடக்கவுள்ளன? யாரிடம் கேட்டு அறியலாம்?

2. அந்த இடங்களிலிருந்து 150 மீற்றருக்குள் உள்ள கிணறுகள் எத்தனை? அவற்றில் இன்றும் குடிக்கப் பயன்படுபவை எத்தனை?

3. முன்னர் குப்பை அல்லது எண்ணெய் கொட்டப்பட்ட இடங்கள் எவை? ஊரின் முதியோர் மூவரிடமாவது கேட்டு வாருங்கள்.

4. கிணற்றுக் கொப்பியை யார் வைத்திருப்பது? அவர் ஊரில் இல்லாத நாளில் அளப்பவர் யார்?

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் தமது கிணற்றில் குறி இட்டு, ஒரு நாள் அளவையாவது எழுதிக்கொண்டு வாருங்கள்.